மேல்சபையும் கொல்லைப்புற வாசலும்

(வெண்ணந்தூர்ப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மேல்சபைத் தேர்தல் என்பதைப் பற்றி நான் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள. தறியை நிறுத்திவிட்டு நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கின்ற உங்களில் பலருக்கு, "மேல்சபைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது டில்லியில் இருக்கிற பெரிய மனிதர்கள் சமாசாரம் அல்லவா?" என்று தோன்றலாம். ஆதலால் டில்லியை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்கள் ஊர்ப் பேரூராட்சி ஆபீசையே எடுத்துக் கொள்ளுவோம்.

2011ஆம் வருஷத் தேர்தலில் பேரூராட்சித் தலைவர் யார் என்பதை இந்த ஊர் ஜனங்களே நேரில் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தீர்கள். அதற்கு அடுத்து 2022இல் நடந்த தேர்தலில் உங்கள் கையில் இருந்தது வார்டு மெம்பருக்கான ஓட்டு ஒன்றுதான். தலைவரை அந்த மெம்பர்கள் ஒரு அறைக்குள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்கள். நடுவில் 2019இல் சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் போட்டு மேயர், சேர்மன், பேரூராட்சித் தலைவர் எல்லோருக்கும் இப்படி முறையை மாற்றிவிட்டது. 2006இல் ஒரு கட்சி ஆட்சியும் இதையே செய்தது, 2019இல் அதற்கு எதிர்க்கட்சியும் இதையே செய்தது. எனவே இதில் கட்சி பேதம் பார்க்க ஒன்றுமில்லை. நான் கேட்பதெல்லாம், இந்த மாற்றத்தினால் உங்கள் கையிலிருந்து ஏதாவது போயிற்றா, இல்லையா என்பதுதான்.

வெளியூர்கள் சிலவற்றில் தலைவர் தேர்தலுக்கு முந்தின நாள் மெம்பர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கேயோ வைத்திருந்து, ஓட்டுப் போடுகிற நேரத்துக்குக் கொண்டுவந்து இறக்கினதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான ஜனங்களை அப்படி வண்டியில் ஏற்ற முடியுமா? பதினைந்து பேரை ஏற்றலாம். அதற்கு ஒரு வேன் போதும்.

இம்மாதிரி, ஜனங்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, அந்தச் சிலர் கூடி இன்னொருவரைத் தேர்ந்தெடுப்பதற்கு மறைமுகத் தேர்தல் என்று பெயர். இது கெட்டது என்று ஒரே வார்த்தையில் நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால், "ஐயா, நியமனத்தினாலும் நன்மை நடந்திருக்கிறதே" என்று யாராவது எழுந்து கேட்டால் நான் விழிக்க வேண்டியதாய்விடும். கொஞ்சம் பொறுமையாக இதன் சரித்திரத்தைப் பார்ப்போம்.

உலகத்திலே இந்த முறை எப்படி உபயோகப்பட்டது என்பதற்கு ஸ்வீடன் என்னும் ஐரோப்பிய ராஜ்யத்தை உதாரணமாகச் சொல்லுகிறேன். அங்கே இன்றைக்கும் ராஜா இருக்கிறார். இன்று அது ஏழைகளுக்கு நல்ல வாழ்வு கொடுக்கிற தேசம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் 150 வருஷத்துக்கு முன் அதன் யோக்கியதை என்ன தெரியுமா? அதுவரையில் பிரபுக்கள், பாதிரிகள், பட்டணத்து வியாபாரிகள், குடியானவர்கள் என்று நான்கு வர்க்கத்தாருக்கும் தனித்தனியே சபை இருந்தது. நம் நாட்டு நான்கு வருணம்போல் இருக்கிறதே என்று நீங்கள் நினைத்தால் அதற்கு நான் ஜவாப்தாரியல்ல. 1866இல் அந்த நான்கையும் கலைத்து, கீழ்ச்சபை, மேல்சபை என்று இரண்டாக வைத்தார்கள். மேல்சபைக்கு ஜனங்கள் நேரே ஓட்டுப் போட முடியாது. ஜில்லா போர்டுகளும், பெரிய பட்டணங்களின் நகரசபைகளும்தான் தேர்ந்தெடுக்கும். ஒரு முறை போனால் ஒன்பது வருஷம். சம்பளம் கிடையாது. 35 வயதாகியிருக்க வேண்டும். 80,000 ரிக்ஸ்டாலர் மதிப்புள்ள சொத்தாவது, வருஷம் 4,000 வருமானமாவது இருக்க வேண்டும். சம்பளமில்லாமல் ஒன்பது வருஷம் தலைநகரில் போய் உட்கார எவனால் முடியும்?

சரி, அந்த ஜில்லா போர்டை யார் தேர்ந்தெடுத்தது என்று பார்த்தால் அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது கிடையாது. வரி கட்டுகிற அளவுக்குத் தக்கபடி ஓட்டு. அதிகமாய் வரி கட்டினவனுக்கு அதிக ஓட்டு. ஒன்றும் கட்டாதவனுக்கு ஒன்றும் கிடையாது. கம்பெனிகளுக்குக்கூட ஓட்டு இருந்தது. இந்த வெண்ணந்தூரில் பாதி நிலத்துக்கு மேல் ஒரே மிராசுதாருக்குச் சொந்தம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் அத்தனை பேரும் ஒன்று சேர்ந்து ஒருவருக்கு ஓட்டுப் போடுகிறீர்கள். அந்த மிராசுதார் தன்னந்தனியாக இன்னொருவருக்குப் போடுகிறார். ஜெயிப்பது அவருடைய ஆள்தான். இது கதையல்ல. 1871இல் அந்நாட்டில் 54 கிராமங்களில் ஒரே மனிதர் கையில் மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் இருந்தது.

இப்படிப்பட்ட ஓட்டினால் உண்டான ஜில்லா போர்டு, அந்தப் போர்டினால் உண்டான மேல்சபை. அந்த மேல்சபைக்குக் கீழ்ச்சபைக்குச் சமமான அதிகாரம் வேறு! 1906இல் கார்ல் ஸ்டாஃப் என்னும் பிரதம மந்திரி, ஆண்கள் எல்லோருக்கும் கீழ்ச்சபைக்கு ஓட்டுக் கொடுக்க வேண்டுமென்று மசோதா கொண்டுவந்தார். மேல்சபை அதைத் தள்ளிவிட்டது. அவர் ராஜினாமாச் செய்தார். 1909இல்தான் ஒருவருக்கு 40 ஓட்டுக்கு மேல் கிடையாது என்று சீர்திருத்தம் செய்தார்கள். நாற்பது! அதையும் ஒரு சீர்திருத்தம் என்று சொல்ல வேண்டிய நிலைமை. பக்கத்து நாட்டில் கெய்சர் சிம்மாசனம் சரிந்த 1918இல்தான், இங்கேயும் கலகம் வந்துவிடுமோ என்ற பயத்தில், ஓட்டைச் சமமாக்கச் சம்மதித்தார்கள். கடைசியாக 1970உடன் அந்த மேல்சபையையே மூடிவிட்டார்கள். 1971 முதல் அங்கே ஒரே சபைதான். மேல்சபை இல்லாமற் போனதினால் ஸ்வீடன் கெட்டுப் போய்விட்டதா?

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தப் பணக்காரர்கள், "ஏழைக்கு ஓட்டு இல்லை" என்று வெளிப்படையாய் எழுதி வைக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஓட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இரண்டு படி வைத்தார்கள். அவ்வளவுதான். தறிக்காரருக்கு இது புதிதாயிராது. நெய்கிற கைக்கும் உடுத்துகிற உடம்புக்கும் நடுவில் எத்தனை தரகர் இருக்கிறார்களோ அத்தனைக்குக் கூலி குறையுமென்பது உங்களுக்குத் தெரிந்த கணக்கு.

இனி நம் ஊர்க்கதைக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் 1892இல் போட்ட சட்டத்தில் தேர்தல் என்ற வார்த்தையையே உபயோகிக்கவில்லை. முனிசிபாலிட்டிகளும் ஜில்லா போர்டுகளும் ஒருவரைச் சிபார்சு செய்யலாம். கவர்னர் அவரை நியமிப்பார். நம் சேலம் வக்கீல் சி. விஜயராகவாச்சாரியார் 1895இல் சென்னைச் சட்டசபைக்குப் போனது இந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்தில்தான். 1909 சட்டத்தில் தேர்தல் என்று பெயர் வந்தது. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் போர்டு மெம்பர்களும், ஜமீன்தார்களும், சர்வகலாசாலைக்காரர்களும்தானே ஒழிய, உழுகிறவனும் நெய்கிறவனும் அல்ல. 1920இல்தான் நேர்முகத் தேர்தல் வந்தது. அதிலும் சொத்துள்ளவனுக்கே ஓட்டு. இருந்தும், அப்படி வந்த சபையில்தான் நம் பக்கத்துத் திருச்செங்கோட்டுக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை முதல் மந்திரியாயிருந்தார். அவர் மந்திரிசபையில் எஸ். முத்தையா முதலியார் வகுப்புவாரி உத்தரவை அமலுக்குக் கொண்டுவந்தார். குறைபாடுள்ள நேர்முக ஓட்டுக்கே அவ்வளவு சக்தி இருந்தது.

1937இல் சென்னைக்கு முதன்முதலாக மேல்சபை என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். கீழ்ச்சபைக்கு 215 பேர். மேல்சபைக்கு 54க்குக் குறையாமல் 56க்கு மேற்படாமல். அதில் எட்டு முதல் பத்துப் பேர் கவர்னர் நியமனம். மற்றவர்களுக்கு ஓட்டுப் போட வேண்டுமானால், கீழ்ச்சபைக்கு வேண்டியதைவிட அதிகச் சொத்து வேண்டும். பதவி ஒன்பது வருஷம். ஸ்வீடனிலும் ஒன்பது வருஷம் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கட்டும். கடலுக்கு அந்தப் பக்கமானாலும் இந்தப் பக்கமானாலும் ஜனங்களிடம் அடிக்கடி வர வேண்டாமென்று நினைப்பவர்களுக்கு ஒரே மாதிரிதான் புத்தி போகிறது.

இப்பொழுது நான் முதலில் சொன்ன ஆட்சேபணைக்கு வருகிறேன். நியமனம் என்பதே தப்பா? 1920களில் சென்னைச் சட்டசபையில் எம்.சி. ராஜா அவர்களும், ரெட்டைமலை சீனிவாசன் அவர்களும் நியமனத்தினால்தான் உட்கார்ந்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபைக்குள் போனதும் நியமனத்தினால்தான். 1927இல் அவர் தேவதாசி முறையை ஒழிக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்து, அங்கே இருந்த பெரிய மனிதர்களை வெட்கப்பட வைத்தார். அந்த நாளில் சொத்துள்ளவன் ஓட்டை நம்பி ஒரு தாழ்த்தப்பட்ட தோழரோ ஒரு பெண்ணோ தேர்தலுக்கு நின்றிருந்தால் கதி என்ன ஆகியிருக்கும்? முன்வாசல் கதவை அவர்களுக்குச் சாத்தி வைத்திருந்தார்கள். அதனால் பக்கவாசல் வழியாய் வந்தார்கள். அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. சாத்தின கதவைத் திறக்கவே அவர்கள் உள்ளே போனார்கள்.

முன்வாசல் திறந்தே இருக்கும்போது கொல்லைப்புறமாய் வந்ததைப் பற்றித்தான் என் பேச்சு. 1952இல் நடந்தது அது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று வந்த முதல் தேர்தல். சென்னைச் சட்டசபையில் 375 இடம். காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது. முதல் மந்திரியாயிருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப் போனார். ஜனங்கள் "வேண்டாம்" என்றார்கள். உடனே என்ன செய்தார்கள்? தேர்தலில் நிற்காத ராஜாஜியை, கவர்னர் ஸ்ரீ பிரகாசா மேல்சபைக்கு நியமித்தார். அந்தச் சிபார்சைச் செய்தது யார்? ஜனங்களிடம் தோற்ற அதே மந்திரிசபை! இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு, சமூகசேவை இவற்றில் தேர்ச்சியுள்ளவர்களை நியமிக்கலாமென்று அரசியல் சட்டத்தில் 171ஆவது பிரிவில் எழுதியிருக்கிறது. மந்திரிசபை அமைக்க ஆள் பிடிப்பதற்கு என்று அதில் எழுதவில்லை. பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார்; பலிக்கவில்லை.

ராஜாஜி இந்த ஜில்லாக்காரர்தான். சேலம் முனிசிபாலிட்டிக்குச் சேர்மனாயிருந்தவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ஆசிரமம் வைத்தவர். அவருடைய அறிவைப் பற்றியோ உழைப்பைப் பற்றியோ நான் ஒன்றும் குறைவாய்ச் சொல்லவில்லை. 1952இல் உணவுக் கண்ட்ரோலை எடுத்தது அவர்தான். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் இடைத்தேர்தலில் நின்று ஜனங்களிடம் வர அவர் சம்மதிக்கவில்லை. வராதவருக்கு ஜனங்களிடம் பயம் ஏன் இருக்க வேண்டும்? அடுத்த வருஷமே, 1953இல், கிராமப் பள்ளிக்கூடங்களில் படிப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அது இல்லை. வெண்ணந்தூர் மாதிரி ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான். இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களில் யாராவது அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் அவர்களுக்குத் தெரியும். தறிக்காரன் பிள்ளை தறிக்குழியில், செருப்புத் தைக்கிறவன் பிள்ளை தோலண்டை, வெளுக்கிறவன் பிள்ளை துறையில்! ஓட்டுக் கேட்டு ஒரு தறிவீட்டு வாசலிலாவது நின்றிருந்தால், இந்தத் திட்டத்தைக் கொண்டுவர அவருக்குத் தைரியம் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, சட்டசபையிலும் ஆதரவு குறைந்து, 1954இல் அவர் விலகினார். காமராஜர் முதல் மந்திரியானார். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. காமராஜர் அப்போது டில்லிக் கீழ்ச்சபை மெம்பர். சென்னை மந்திரியாக நீடிக்க ஆறு மாதத்துக்குள் இங்கே ஏதாவது ஒரு சபையில் இடம் வேண்டும். மேல்சபை வாசல் அவருக்கும் திறந்துதான் இருந்தது. கவர்னரிடம் ஒரு கடுதாசி போனால் போதும். அவர் அதைச் செய்யவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். தந்தை பெரியாரும் அவரை ஆதரித்தார். ஜெயித்து வந்தார். முந்தினவர் திட்டத்தையும் எடுத்துப் போட்டார். பள்ளிக்கூடங்கள் பெருகினது அப்புறம் நடந்த கதை.

அண்ணாவும் மேல்சபை வழியாகத்தானே முதல் மந்திரியாயிருந்தார் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான்; ஆளுக்கொரு தராசு வைக்கக் கூடாது. 1962இல் காஞ்சிபுரத்தில் தோற்றபின் அவர் ராஜ்யசபைக்குப் போனார். சட்டசபை மெம்பர்கள் ஓட்டினால் போனார். 1967இல் முதல் மந்திரியானபோது சென்னை மேல்சபைக்குப் போனார். ஆனால் அந்த 1967 தேர்தலில் தென்சென்னையில் ஜனங்களிடம் நேரே நின்று லோக்சபைக்கு ஜெயித்தவர் அவர். அவருடைய கட்சிக்கும் சட்டசபையில் ஜனங்கள் கொடுத்த மெஜாரிட்டி இருந்தது. ஆகவே 1952உடன் இதைச் சமமாக வைக்க முடியாது. இருந்தாலும், காமராஜர் குடியாத்தத்தில் செய்தது இதைவிட மேல் என்பது என் அபிப்பிராயம். இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு இருந்த அந்தச் சென்னை மேல்சபையின் அமைப்பையும் கொஞ்சம் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு ஸ்தல ஸ்தாபன மெம்பர்கள் தேர்ந்தெடுப்பது. மூன்றில் ஒரு பங்கு சட்டசபை மெம்பர்கள் தேர்ந்தெடுப்பது. ஆறில் ஒரு பங்கு கவர்னர் நியமனம். மிச்சத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு வாத்தியார்களுக்கு. பி.ஏ. படித்தவனுக்குச் சட்டசபைக்கு ஒரு ஓட்டு, மேல்சபைக்கு இன்னொரு ஓட்டு. தறி நெய்கிறவனுக்கு ஒன்றே ஒன்று. ஸ்வீடனில் வரிக்குத் தக்க ஓட்டு என்றார்கள். இங்கே பட்டத்துக்குத் தக்க ஓட்டு. 1952இல் பட்டம் யார் யார் வீட்டில் தொங்கினது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாத்தியார் தொகுதியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹைஸ்கூலுக்குக் குறைந்த பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அதில் ஓட்டே கிடையாது. கிராமத்தில் நம் பிள்ளைக்கு 'அ' எழுதக் கற்றுக் கொடுக்கிற ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார், மேல்சபைக் கணக்குப்படி வாத்தியாரே அல்ல!

அந்தச் சபை 1986 நவம்பர் முதல் தேதியோடு ஒழிந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், ஒரு சினிமா நடிகையின் நியமனத்தில் சட்டச் சிக்கல் வந்ததை ஒட்டி ஒழித்தார்கள். கொள்கைக்காக ஒழித்திருந்தால் நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

கடைசியாக டில்லி. ராஜ்யசபையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம். ஒவ்வொரு தடவையும் ஆறு பேர் வெளியேறி ஆறு பேர் வருவார்கள். 234 சட்டசபை மெம்பர்கள் ஓட்டுப் போட வேண்டும். ஆறு இடத்துக்கு ஒன்று கூட்டி ஏழால் 234ஐ வகுத்தால் 33க்குக் கொஞ்சம் அதிகம். ஆகவே 34 ஓட்டு வாங்கினவருக்கு இடம் நிச்சயம். மெம்பர் தன் சீட்டில் ஒன்று, இரண்டு என்று வரிசை எழுதுவார். ஒருவருக்குத் தேவைக்கு மேல் விழுந்தது அடுத்தவருக்குப் போகும். இதனால் சின்னக் கட்சிகளுக்கும் பங்கு கிடைக்கும். இது நல்ல அம்சம்தான். ஆனால் நடைமுறை என்ன? ஆறு இடத்துக்கு ஆறு பேரே மனுப் போட வைத்து, 2019இலும், 2022இலும், 2025இலும் போட்டியில்லாமலே முடித்துவிட்டார்கள். நீங்கள் ஓட்டுப் போடவில்லை. உங்களுக்காக ஓட்டுப் போட வேண்டியவர்களும் போடவில்லை.

2003இல் ஒரு திருத்தம் வந்தது. ஒரு ராஜ்யத்தின் பிரதிநிதியாயிருக்க அந்த ராஜ்யத்தில் குடியிருக்க வேண்டியதில்லை. மெம்பர் தன் ஓட்டைத் தன் கட்சி ஏஜெண்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். 2006இல் சுப்ரீம் கோர்ட்டும் இதைச் சரி என்றது. பணம் வாங்கி ஓட்டு மாறிப் போடுவதைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். ஒப்புக் கொள்ளுகிறேன். ஆனால் அந்தச் சீட்டை அவர் காட்டுவது கட்சிக்காரரிடம். அவரை அனுப்பின உங்களிடம் காட்டச் சட்டத்தில் வழியே இல்லை.

நான் பேசிக் கொண்டிருக்கும்போதே ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "தமிழ்நாட்டில் மேல்சபை மறுபடியும் வருமா?" என்று கேட்கிறார். வர முடியும். அரசியல் சட்டம் 169ஆவது பிரிவுப்படி சட்டசபையில் மொத்த மெம்பர்களில் பாதிக்கு மேலும், அன்று வந்து ஓட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரித்தால், பார்லிமெண்ட் சட்டம் செய்யலாம். 1989இல் தி.மு.க. தீர்மானம் போட்டது; 1991இல் அ.தி.மு.க. அதை மாற்றியது. 1996இலும் 2001இலும் அப்படியே. 2010இல் மறுபடி தீர்மானம் போட்டு, பார்லிமெண்டிலும் 78 பேர் கொண்ட மேல்சபைக்குச் சட்டம் நிறைவேறிவிட்டது; 2011இல் ஆட்சி மாறியதும் அதுவும் நின்றது. இந்த இருபத்திரண்டு வருஷச் சண்டையில் வெண்ணந்தூர் ஜனங்களை ஒருவராவது, "உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார்களா? சீட்டு அனுப்பின தோழர், அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதியனுப்பும்படி கேட்டுக் கொள்ளுகிறேன். பேரூராட்சித் தலைவரை நீங்களே தேர்ந்தெடுக்கிற உரிமை எப்போது திரும்பி வரும் என்பதையும் கூடவே கேட்டு எழுதுங்கள்.